தபால் பெட்டியிலிருந்து விளக்குக் கம்பம் வரை

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான் நலமாகவே இருக்கிறேன். ரத்த அழுத்தம், முழங்கால், இடது காது ஆகிய மூன்றும் சென்ற கடிதத்தில் விட்ட இடத்திலேயே இருக்கின்றன. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் இதைவிட நல்ல நிலையில் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

நீ நான்காம் தேதி போட்ட கடிதம் பத்தொன்பதாம் தேதிதான் என் கைக்கு வந்தது. பதினைந்து நாள் எங்கே போயிருந்தது என்று தபால்காரரைப் பிடித்துக் கேட்டேன். "நான் என்ன சார் பண்றது? மூணு தடவை வந்தேன். மூணு தடவையும் உங்க வீடு போலீஸ் ஸ்டேஷனா இருந்துச்சு" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒன்பது நாள் எங்கள் கட்டடம் போலீஸ் ஸ்டேஷனாகத்தான் இருந்தது. சினிமாக்காரர்கள் கதவு எண்ணைக் கழற்றி வைத்துவிட்டு, வாசலில் நீலப் பலகை மாட்டி, இரண்டு பக்கமும் மணல் மூட்டை அடுக்கிவிட்டார்கள்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். வருகிறேன். அடுத்த மாதம் முதல் தேதி வீட்டைக் காலி செய்துவிட்டு உங்களோடு வந்து இருந்துவிடுகிறேன். வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். ஆனால், "தனியா இருந்து இருந்து ஏங்கிப் போயிட்டீங்க அண்ணா" என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் திருத்திக்கொள். நான் ஏங்கவில்லை. ஆறு வருடமாகத் தனியாக இருக்கிறேன். சமைக்கிறேன், துவைக்கிறேன், பேச்சுக்கு ரேடியோ இருக்கிறது. என்னை இந்த ஊரைவிட்டுக் கிளப்புவது தனிமை இல்லை, சினிமா. மாப்பிள்ளை கேட்டால் இப்படித்தான் சொல்ல வேண்டும். நம்ப மாட்டார். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வளைந்து போகிற ஒரு தெரு, இரும்புக் கம்பி வைத்த மாடி முகப்புகள், அகலமான மாடிப்படி, கொஞ்சம் பெயர்ந்த சுவர், அவ்வளவுதான். ஆனால் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாருக்கும் இதைப் பார்த்ததும் கண் கலங்கிவிடுகிறது. "இந்தத் தெருவை எந்த ஊருன்னு வேணும்னாலும் சொல்லிடலாம் சார், முகமே இல்லை" என்று ஒரு இயக்குநர் என் காதுபடப் பாராட்டினார். அப்படியே சொல்லியும் விடுகிறார்கள். இந்த வருடம் மட்டும் நாங்கள் ஆஸ்பத்திரியாக இருந்திருக்கிறோம், நீதிமன்றமாக இருந்திருக்கிறோம், குண்டு விழுந்த ஊராக நான்கு நாள் இருந்திருக்கிறோம். வானம் துடைத்துவிட்டது மாதிரி இருக்கிறதே என்று குடை எடுக்காமல் இறங்கினால், தெருமுனைவரைதான் அந்த வானம். அதற்கு அப்புறம் லாரியிலிருந்து மழை பெய்கிறது. மறுநாள் உஷாராகக் குடையோடு போனேன். "யாருப்பா அது, வெயில் சீன்ல குடை பிடிச்சுக்கிட்டு?" என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். தக்காளி வாங்கலாமென்று வண்டிக்காரரிடம் போனால், "இது விக்கிறதுக்கு இல்ல சார், ஹீரோ வந்து கவுக்கறதுக்கு" என்கிறார். பக்கத்து வண்டியில் கேட்டேன். அது வில்லன் கவிழ்க்கிறதற்காம்.

போலீஸ் ஸ்டேஷன் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் ஓர் எழுத்து குறைந்தது. அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் பிழை திருத்தியவன் வீட்டு வாசலில் எழுத்துப் பிழையோடு ஒரு பலகை தொங்கினால் எப்படியம்மா தூங்குவது? இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் காலையில் நாற்காலி போட்டு ஏறி, வெள்ளை மை தொட்டு, விட்டுப்போன எழுத்தை அழகாக நுழைத்துவிட்டு இறங்கினேன். பத்து மணிக்கு ஒரே ரகளை. நேற்று எடுத்த காட்சியில் பலகை ஒரு மாதிரி, இன்றைக்கு ஒரு மாதிரி என்றால் ரசிகர்கள் சிரிப்பார்களாம். ஓர் ஆள் ஏறி, நான் போட்ட எழுத்தைச் சுரண்டி எடுத்தார். நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், என் கண் முன்னாலேயே ஒரு பிழையை மறுபடியும் கவனமாகச் செய்தார்கள். அன்றைக்குத்தான் முதல்முதலாக, வந்து இருங்கள் என்று நீ எப்போதும் சொல்லும் உன் வீட்டுப் பின்னறை என் நினைவுக்கு வந்தது.

இன்னொரு நாள், கைப்பையைத் தொலைத்த ஓர் அம்மா உண்மையான ஸ்டேஷன் என்று நினைத்து அழுதுகொண்டே உள்ளே வந்துவிட்டார். உள்ளே இன்ஸ்பெக்டர் உடையில் உட்கார்ந்திருந்த நடிகர் இருபது வருடமாகப் போலீஸ்காரராகவே நடிக்கிறவர். பழக்கதோஷம், எழுந்து போகச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "கடைசியா எங்கம்மா பையைத் திறந்தீங்க?" என்று கேட்டார். மருந்துக்கடையில் என்றார் அந்த அம்மா. ஆள் அனுப்பிப் பார்த்தால் பை அங்கேயே இருக்கிறது. அந்த அம்மா அவர் கையைப் பிடித்து வாழ்த்திவிட்டுப் போனார். எது நிஜம், எது பொய் என்று தெரியாத இடத்தில் என் வயதுக்காரன் எத்தனை நாள் இருப்பது?

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன புதன்கிழமை நடந்ததைக் கேள். எனக்கு அதற்கப்புறம் சரியாகத் தூக்கமே இல்லை.

கீழ் வீட்டு டிரைவரை உனக்குத் தெரியும். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், பெரிய மீசை. என் குளியலறைத் தண்ணீர் அவர் படுக்கையறைக் கூரையில் ஒழுகுகிறது என்று எட்டு வருடத்துக்கு முன்னால் சண்டைக்கு வந்தவர். அந்தச் சண்டை பெரிதில்லை. நாங்கள் இருவரும் படியில் நின்று கத்திக்கொண்டிருந்தால், உன் அண்ணியும் அவர் வீட்டம்மாவும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து காய்கறி வாங்கப் போவார்கள். ஆனால் உன் அண்ணி இறந்தபோது, தெருக்கோடியிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள், இந்த மனிதர் வரவில்லை. அவர் வீட்டம்மா வந்து அழுதுவிட்டுப் போனார். இவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு தண்ணீர்க் கறைக்காக ஒருவர் இவ்வளவு தூரம் போவாரா என்று அன்றைக்கு மனசு விட்டுப்போய், ஆறு வருடமாக நான் அவரோடு பேசுவதில்லை. அவரும் என்னைக் கண்டால் சுவரைப் பார்ப்பார். உனக்கு இதை நான் எழுதியதில்லை. எழுதினால் நீ அப்போதே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போயிருப்பாய்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டதே என்று கீழே இறங்கினேன். எதிர்ச்சாரியில்தான் மருந்துக்கடை. வாசலில் கயிறு கட்டி, உதவி இயக்குநர் பெண் ஒருத்தி காதில் கருவி மாட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு முன்னாலேயே டிரைவர் அங்கே நின்றுகொண்டிருந்தார், கையில் எரிந்துபோன ஒரு பல்பு. அதே மாதிரி வாங்க வேண்டுமென்று எடுத்துக்கொண்டு வந்திருப்பார் போலிருக்கிறது.

"ஷாட் முடியற வரைக்கும் தெருவைத் தாண்ட முடியாது சார்" என்றாள் அந்தப் பெண்.

"எப்பம்மா முடியும்?"

"சாயங்காலம் ஆகும். ஹீரோயின் அழணும்." கொஞ்சம் யோசித்து எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள். "ஒண்ணு பண்ணலாம். ஷாட்டுக்கு உள்ளேயே நடந்து போயிடுங்க. பின்னணியில ரெண்டு பழைய சிநேகிதங்க நடந்து போறாங்க, அவ்வளவுதான். தபால் பெட்டியிலேருந்து விளக்குக் கம்பம் வரைக்கும். பேசிக்கிட்டே நடங்க. சவுண்ட் எடுக்கல, வாய் அசைஞ்சா போதும்."

டிரைவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாங்க பேசிக்கிறதில்லம்மா."

"அப்போ ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுங்க. தூரத்துலேருந்து பார்த்தா பேசற மாதிரியே இருக்கும். அந்த பல்பு கையிலயே இருக்கட்டும் சார், நல்லா இருக்கு."

மாத்திரை இல்லாமல் சாயங்காலம்வரை நிற்க முடியாது. ஒத்துக்கொண்டேன். அவருக்கு என்ன இருட்டோ, அவரும் ஒத்துக்கொண்டார். தபால் பெட்டியிலிருந்து விளக்குக் கம்பம் நாற்பது தப்படி. முதல் தடவை இரண்டு பேரும் ஒன்றாக எண்ணிக்கொண்டு போனோம். "கட்! சார், வாய்ப்பாடு சொல்ற மாதிரி இருக்கு. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் சொல்லுங்க." இரண்டாம் தடவை அவர் ஒன்று என்றார், நான் இரண்டு என்றேன். சிரிக்கவில்லை என்று வெட்டினார்கள். மூன்றாம் தடவை சிரித்துக்கொண்டே எண்ணினோம். பதினைந்து என்றார். பதினாறு என்றேன். பதினெட்டு என்றார்.

"பதினேழை விட்டுட்டீங்க" என்றேன்.

ஆறு வருடத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். பிழை திருத்தியே வயிறு வளர்த்தவன், நான் என்ன செய்ய?

அவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்: "தண்ணி ஒழுகறதை நீங்க எட்டு வருஷமா விட்டுட்டீங்க. நான் ஒரு நம்பரை விட்டா குத்தமா?"

"அது என் குழாய் இல்ல, பொதுக் குழாய்னு நூறு தடவை சொல்லிட்டேன்" என்று நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"பொதுக் குழாய் உங்க வீட்டுக்கு நேர் கீழ மட்டும் ஒழுகுமா?"

"கட்! ஆனா சூப்பர் சார்!" என்று ஓடி வந்தாள் அந்தப் பெண். "இப்பதான் உண்மையான சிநேகிதங்க மாதிரி இருக்கு. இதையே பண்ணுங்க. அடுத்த டேக்ல தோள்ல கை போட்டுக்குங்க."

கதாநாயகிக்குக் கண்ணீர் வரவில்லை. வராதவரை எங்களுக்கும் விடுதலை இல்லை. தோளில் கை போட்டுக்கொண்டு, முகம் முழுக்கச் சிரிப்போடு, குழாய், கூரை, சுண்ணாம்பு, வீட்டுக்காரருக்கு அவர் எழுதிய புகார், அந்தப் புகாரில் இருந்த எழுத்துப் பிழைகள் எல்லாவற்றையும் பற்றிச் சண்டை போட்டோம். பதினோராம் தடவை எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, சிரிப்பு அப்படியே இருக்க, வாய் சொல்லிவிட்டது: "அதெல்லாம் போகட்டும். அவ போனப்போ நீங்க எட்டிக்கூடப் பார்க்கலையே."

டிரைவர் சடாரென்று நின்றுவிட்டார். பிரேக் போட்ட மாதிரி.

"கட்! பின்னாடி அந்த ரெண்டு பேர் ஏன் நின்னாங்க?" ஒலிபெருக்கி கேட்டது.

திரும்பத் தபால் பெட்டிக்கு வந்தோம். வரும் வழியெல்லாம் அந்தப் பெண் கூடவே நடந்ததால் அவர் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டாம் தடவை முப்பது தப்படிவரை பேசாமலே நடந்தார். கம்பம் நெருங்கும்போது, "வந்தேன்" என்றார். அதற்குள் வெட்டிவிட்டார்கள்.

பதிமூன்று: "மறுநாள் காலைல வந்தேன் சார். படியில கயிறு கட்டியிருந்தாங்க. ஷூட்டிங்." கட். கதாநாயகியின் கண்ணில் விட்ட மருந்து போதவில்லை.

பதினான்கு: "இதோ விடறோம், இதோ விடறோம்னு ரெண்டு மணி நேரம் நிக்க வச்சாங்க. கையில எங்க வீட்டுல உங்களுக்குன்னு கொடுத்தனுப்பின சாப்பாடு. ஆறிப் போயிடுச்சு." கட். யாருடைய போனோ அடித்தது.

பதினைந்தாம் தடவை அவர் என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "காமெடி சீன் எடுத்தாங்க. ஒரு தடியன் படியில உருண்டு உருண்டு விழறான். ஒவ்வொரு தடவையும் அவன் கீழ வந்துடறான், தொப்பி மட்டும் மேல படியிலயே நிக்குது. நானும் அடக்கி அடக்கிப் பார்த்தேன். முடியல சார். வாய்விட்டுச் சிரிச்சுட்டேன். அந்த நேரம் பார்த்து நீங்க கதவைத் திறந்து கீழ பார்த்தீங்க." கம்பம் வந்துவிட்டது. கட்.

பதினாறு: "உங்க வீட்டுல சாவு. நான் படியில நின்னு சிரிக்கிறேன். நீங்க பார்த்துட்டீங்க. அந்த மூஞ்சியோட எப்படி மேல வர்றது? திரும்பிப் போயிட்டேன். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம்னு..." அந்தத் தடவை யாரும் வெட்டவில்லை, கம்பம்வரை சும்மா நடந்தோம்.

எனக்கு அந்தக் காலை நினைவிருக்கிறது தங்கச்சி. வெளியே ஏதோ சத்தம் கேட்டு, உன் அண்ணிதான் படியேறி வருகிறாள் என்று ஒரு நொடி நினைத்துக் கதவைத் திறந்தேன். இரவெல்லாம் அழுததில் கண் வீங்கி, மூக்கில் கண்ணாடி இல்லை. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று எனக்குத் தெரியாதென்பது உனக்குத் தெரியும். படியில் கலங்கலாக ஏதேதோ நிறங்கள் அசைந்தன. அவள் இல்லை என்று மட்டும் தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டேன்.

பதினேழாம் தடவை, தபால் பெட்டியிலிருந்து புறப்பட்டதுமே சொன்னேன்: "நான் உங்களைப் பார்க்கவே இல்லை. அன்னைக்கு என் கண்ணாடி உள்ளே கிடந்துச்சு."

அவர் கொஞ்ச தூரம் நடந்தார். "ஒண்ணுமே தெரியலையா?"

"உங்க மீசைகூடத் தெரியல."

"சிரிச்சது?"

"எனக்கு இடது காது கேக்காது. எங்க வாசலுக்குப் படி இடது பக்கம்."

மனிதர் முதலில் சிரித்தார். அந்தப் பெண் சொல்லிக் கொடுத்த சிரிப்பு இல்லை, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்புறம் பல்பைப் பிடித்திருந்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். யார் யாரைத் தாங்கினோம் என்று தெரியவில்லை, எனக்கும் கண் மறைத்தது. அப்படியே நடந்து, விளக்குக் கம்பத்தைத் தாண்டி, மரத்தைத் தாண்டி, லாரிவரை போய்விட்டோம். யாரும் வெட்டவில்லையே என்று திரும்பிப் பார்த்தால் தெருவே அமைதியாக இருக்கிறது. கதாநாயகி அழ வேண்டியதை மறந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேமராக்காரரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநர் ஒலிபெருக்கி இல்லாமலே சொன்னார்: "அந்த ரெண்டு பெரியவங்களையும் சீன்லேருந்து எடுத்துடுங்கப்பா. அவங்க இருந்தா ஹீரோயினை யார் பார்ப்பா?"

இப்படி என் நடிப்பு வாழ்க்கை ஒரே காலையில் முடிந்தது. மாத்திரையும் பல்பும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். அவர் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டார். ஆறு வருடத்துக்கு அப்புறம் அந்த வாசற்படியைத் தாண்டினேன். அவர் வீட்டம்மா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு டீ போட்டுக்கொண்டு வந்தார். டிரைவர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அந்த அம்மாவுக்கும் ஆறு வருடமாகத் தெரியாதாம். சாப்பாட்டை என்னிடம் கொடுத்துவிட்டதாகவே அன்றைக்குச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா கணவரை ஒரு முறை முறைத்துவிட்டு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "அவங்க இருந்திருந்தா, அந்தத் தொப்பியைப் பார்த்து இவருக்கு முன்னாடி சிரிச்சிருப்பாங்க. இதுக்குப் போயா ஆறு வருஷம்?"

உண்மைதான். உன் அண்ணி சிரித்திருப்பாள். என்னையும் இழுத்துக்கொண்டு வந்து பார்க்க வைத்திருப்பாள். நான் அந்த வீட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மேலே கூரையில் கறை நன்றாகவே பெரிதாக இருந்தது. நேர்மையாகச் சொன்னால், அது என் குளியலறைக்கு நேர் கீழேதான் இருக்கிறது.

இதனாலெல்லாம் என் முடிவு மாறிவிட்டதென்று நினைக்காதே. போகிற நேரத்தில் மனஸ்தாபம் இல்லாமல் போகிறேன் என்ற நிம்மதி, அவ்வளவுதான். முதல் தேதி காலை வண்டியில் வருகிறேன். இரண்டு பெட்டி, ஒரு ரேடியோ. மாப்பிள்ளையை ரயிலடிக்கு வரச் சொல்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பெரியவள் பரீட்சையை நிதானமாக எழுதட்டும், எழுதியதை ஒரு முறை படித்துப் பார்க்கட்டும். சின்னவனுக்கு என் முத்தம். எல்லாரும் நீண்ட ஆயுளோடு, நோய்நொடி இல்லாமல், பிழையில்லாமல் வாழ என் ஆசி.

இப்படிக்கு,
உன் அன்பு அண்ணன்

பின்குறிப்பு: இதை எழுதி ஒட்டிவிட்டு, பெட்டியில் போடுவதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. மறுபடியும் பிரித்து இதைச் சேர்க்கிறேன். மேலே, வருகிறேன் என்று வருகிற இடங்களையெல்லாம் தயவுசெய்து அடித்துவிடு. தனிமையைப் பற்றி நீ எழுதியதை நான் திருத்தினேன் அல்லவா, அந்தத் திருத்தத்தையும் அடித்துவிடு. நீ எழுதியதுதான் சரி. பின்னறையில் பிள்ளைகள் படிக்கட்டும். வீட்டைக் காலி செய்யவில்லை என்று வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். இன்று காலை டிரைவர் ஒரு குழாய்க்காரரைக் கூட்டி வந்து என் குளியலறைத் தரையை உடைத்தார். உள்ளே குழாய் முழுக்கத் துருப்பிடித்து, தொட்டால் உதிர்கிறது. குழாய்க்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இத்தனை வருஷமா இதை இப்படியே விட்டது யாரு?" என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் கைகாட்டி, "இவர்தான்" என்றோம். அந்த விவாதம் இன்னும் நடக்கிறது. டீ வந்ததால் நான் கொஞ்சம் ஒதுங்கி வந்து இதை எழுதுகிறேன். அவர் கூப்பிடுகிறார். இதை அரைகுறையாக விட்டுவிட்டு நான் ஊரைவிட்டு எப்படியம்மா வருவது?